சுவரைத் தொடாதீங்க

ஸ்ரீரங்கத்தில் எனக்கு அப்பா அம்மா வைத்த பெயர் செல்லுபடியாகவில்லை. வடக்கு ஓரத்துத் தெருக்களில் நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு நுழைந்தால், "அம்மா, மலேரியா வந்திருக்கு!" என்று பிள்ளைகள் வீட்டுக்குள் பார்த்துக் கத்தும். பால்காரர், தயிர்க்காரி மாதிரி முதலில் மலேரியாக்காரர் என்றுதான் ஆரம்பித்தார்கள். அவ்வளவு நீளமாகக் கூப்பிடச் சோம்பல்பட்டு வெறும் மலேரியா ஆக்கிவிட்டார்கள். என் மனைவி குழாயடிக்குப் போனால், "மலேரியா சம்சாரத்துக்கு வழி விடுங்க" என்பார்களாம். அவளுக்கு அதில் சிரிப்பு, எனக்குக் கோபம். அப்போதெல்லாம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்தில் போயும் விடும் என்பதால் யாரும் அதைச் சட்டை செய்ததில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் அந்த வேலையில் சேர்ந்தேன். வருஷத்துக்கு இரண்டு சுற்று வீடு வீடாகப் போய்ச் சுவரில் கொசு மருந்து அடிக்க வேண்டும். மற்ற நாட்களில், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஒவ்வொரு வாசலிலும் நின்று, "வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருக்கா?" என்று கேட்க வேண்டும். இருக்கிறது என்றால் விரலில் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, நாலு கசப்பு மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்க வைத்துவிட்டு, கண்ணாடியைத் திருச்சி ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். என் ஊசியைப் பார்த்ததுமே காய்ச்சல் விட்டுப்போன பெரிய மனிதர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும்.

மருந்து அடிக்கிற நாள் தெருவுக்கே திருவிழா. வீட்டுச் சாமான் அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். ஊறுகாய் ஜாடி, தொட்டில், தையல் மிஷின், ஒரு கால் போன நாற்காலி, பரணில் எத்தனையோ வருஷமாகத் தூங்கிய பித்தளை அண்டா எல்லாம் வெயிலில் வந்து உட்காரும். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று தெருவே பார்த்துவிடும். ஒரு தடவை, போன தீபாவளிக்குக் காணாமல் போன தன் முறுக்கு உரலை எதிர்வீட்டுக் குவியலில் ஓர் அம்மாள் கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கு நான் மருந்து அடித்ததைவிடப் பஞ்சாயத்துப் பண்ணியதுதான் அதிகம்.

முதல் சுற்றில் கொசுவோடு மூட்டைப்பூச்சியும் செத்தது. ஜனங்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஓர் ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு மூட்டைப்பூச்சிகள் மருந்துக்குப் பழகிக்கொண்டு கொழுகொழுவென்று நடமாட ஆரம்பித்தன. "இந்த மருந்தைத் தின்னுதான் மூட்டைப்பூச்சிக்குச் சதை போடுது" என்று வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். கும்பிட்டபோது வாங்கிக்கொண்டவன், திட்டும்போதும் வாங்கிக்கொள்ளத்தானே வேண்டும்.

எங்கள் வேலையில் கஷ்டமான பகுதி அடிப்பதில் இல்லை, அடித்த பிறகுதான். கொசு கடித்த கையோடு வயிறு கனத்துப்போய்ச் சுவரில் உட்காரும். சுவரில் மருந்து இருந்தால் அங்கேயே அதன் கதை முடியும். அதனால் அந்த வெள்ளைப் பொடி ஆறு மாதம் சுவரில் அப்படியே இருக்க வேண்டும். நம் ஊர்ப் பெண்களுக்கோ சுவரில் கோடு கோடாக வெள்ளைத் தீற்றல் இருந்தால் சோறு இறங்காது. நாங்கள் அடுத்த தெருவுக்குப் போவதற்குள் ஈரத்துணியும் கையுமாக நிற்பார்கள். பொங்கல் வந்தாலும் கல்யாணம் வந்தாலும் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று நான் தொண்டை கிழியக் கத்துவேன்: "சுவரைத் தொடாதீங்க! ஆறு மாசத்துக்குக் கழுவாதீங்க, மெழுகாதீங்க, வெள்ளை அடிக்காதீங்க!" ராத்திரி தூக்கத்தில்கூட நான் இதைச் சொன்னதாக என் மனைவி சொல்வாள்.

நான் அப்படிக் கத்தியதற்கு வேலை மட்டும் காரணம் இல்லை. கல்யாணமான புதிதில் லால்குடிப் பக்கம் எங்கள் கிராமத்தில், வாய்க்கால் ஓரத்து வீட்டில் இருந்தோம். அவளுக்கு ஐந்தாம் மாதம். நான் துறையூர்ப் பக்கம் மருந்து அடிக்கப் போயிருந்தேன். எங்கள் ஊருக்கு வேறொரு கோஷ்டி வந்தபோது அவள் வயலில் நடவில் இருந்திருக்கிறாள். வாசலில் 'பூட்டிய வீடு' என்று சாக்கட்டியால் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். மழை ஆரம்பித்ததும் அவளுக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லி வைத்தாற்போல், பல் கிடுகிடுக்க வரும். பிள்ளை தங்கவில்லை. ஊர் வீட்டுக்கெல்லாம் மருந்து அடித்த கை இது. அந்த வருத்தத்தை நான் யாரிடமும் பேசியதில்லை, அவளிடம்கூட.

அதற்குப் பிறகுதான் மாற்றல் கேட்டு வாங்கி ஸ்ரீரங்கம் வந்தோம். கொள்ளிடக் கரைக்கும் வாழைத்தோட்டத்துக்கும் பக்கத்தில், தெருவின் கடைசியில் ஓர் ஓட்டு வீடு. மூன்று வருஷம் கழித்து, அறுபதுகளின் ஆரம்பத்தில் அவள் மறுபடி உண்டானாள். ஆடி மாதம், காவிரியில் புதுத்தண்ணீர் வந்த சமயம், அவளுக்கு நாலாம் மாதம். இந்தத் தடவை ஒரு கொசுகூட அவளைத் தொடக்கூடாது என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். அந்தச் சுற்றில் என் வீட்டுக்கு மட்டும் நானே நின்று, மூலைமுடுக்கு விடாமல் அடித்தேன். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், நிலைப்படி இடுக்கில் எல்லாம் அடித்தேன். "இன்னும் கொஞ்ச நேரம் நின்னா எனக்கும் அடிச்சிருவீங்க போல" என்று சொல்லிவிட்டு அவள் வாசலுக்குப் போய்விட்டாள்.

என்ன அடித்து என்ன? எங்கள் வீட்டு அடுப்படிக்கும் பக்கத்து வீட்டு அடுப்படிக்கும் நடுவே ஒரே சுவர்தான். அதுவும் ஓடு வரைக்கும் போகாத சுவர். மேலே ஒரு முழம் இடைவெளி. அந்த வழியாக அந்த வீட்டு ரச வாசனை இந்தப் பக்கம் வரும். இந்த வீட்டுக் கருவாட்டு வாசனை அந்தப் பக்கம் போகாமல் இருக்க, நாங்கள் கருவாட்டையே விட்டிருந்தோம். கொசு எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் போய்வந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டில் ஒரு வைஷ்ணவ மாமியும் மாமாவும் மட்டும் இருந்தார்கள். பிள்ளைகள் வடக்கே எங்கேயோ வேலையில். மாமா கோயிலில் பாராயண கோஷ்டியில் போய் நிற்பவர்; வாயைத் திறந்தால் பாசுரம், மூடினால் தூக்கம். மாமிதான் அந்த வீட்டுக்கு எல்லாம். கூடத்தில் மருந்து அடிக்க விடுவாள், ரேழியில் விடுவாள். தளிகை உள் என்று அவர்கள் சொல்கிற சமையலறையிலும், பெருமாள் இருக்கும் அறையிலும் மட்டும் மூன்று வருஷமாக என்னை அண்ட விடவில்லை.

முதல் தடவை கேட்டபோது, "அந்த பம்ப்ல தோல் இருக்கோ?" என்றாள்.

நானும் அரிச்சந்திரன் மாதிரி, "ஆமா மாமி, உள்ள தோல் வாஷர் இருக்கு. அது இல்லேன்னா தண்ணி ஏறாது" என்று சொல்லித் தொலைத்தேன்.

"அப்போ பெருமாள் சன்னிதியில தோல் தண்ணியைத் தெளிக்கச் சொல்றேளா? நன்னாருக்கு!"

அவ்வளவுதான், வாசல்கதவு சாத்தியாயிற்று. தோல் ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியும். தோல் இல்லாவிட்டாலும் என்னை மாதிரி ஆள் அந்த இரண்டு அறைக்குள் கால் வைக்க முடியாது. அதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இந்த ஆடிச் சுற்றில் எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் நின்று, "உங்க மடியைக் கொசு மதிக்குமா மாமி? அது குளிச்சிட்டா வருது?" என்று சத்தம் போட்டுவிட்டேன். "கொசுவைக் கேட்டுச் சொல்றேன், போங்கோ" என்றாள் அவள். என்னைவிட வாய்க்காரி.

என் மனைவிக்கும் மாமிக்கும் மட்டும் எந்தச் சண்டையும் இல்லை. காலையில் இவள் இந்தப் பக்கம் அடுப்பு மூட்டுவாள், அவள் அந்தப் பக்கம் அடுப்பு மூட்டுவாள். சுவருக்கு மேலே இருந்த இடைவெளி வழியாகப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். முகம் பார்க்காமல், கை வேலை நிற்காமல், மடியும் கெடாமல் பேசுவார்கள். மசக்கைக்கு என்ன கஷாயம், புளிப்பு எவ்வளவு சேர்க்கலாம் என்று எல்லாம் அந்த ஒரு முழ இடைவெளி வழியாகத்தான் வந்தது.

ஐப்பசியில் ஏழாம் மாதம், வளைகாப்பு வைத்தோம். துறையூரிலிருந்து என் மனைவியின் அம்மாவும் ஒரு பஸ் நிறைய உறவுக்காரர்களும் வருவதாக ஏற்பாடு. என் மனைவியின் அம்மாவுக்கு என்னைப் பற்றி ஒரு அபிப்பிராயம் உண்டு. போன தடவை வந்தபோது எங்கள் சுவரைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை கவர்மெண்ட் உத்தியோகம்னு பேரு, வீடு மாவு மில்லு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அது எனக்கு உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. வளைகாப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு டின் சுண்ணாம்பை நீற்றி, பளிச்சென்று இருக்கட்டும் என்று கொஞ்சம் நீலம் கலந்து, பனைமட்டையை நசுக்கிப் பிரஷ் செய்துகொண்டு ஏணியில் ஏறிவிட்டேன். மனைவி வாழைத்தோட்டத்துப் பக்கம் இலை வாங்கப் போயிருந்தாள். கூடம் முடித்தேன், உள் அறை முடித்தேன், அடுப்படியையும் முடித்தேன். சந்தோஷத்தில் வாய்க்கு வந்த பாட்டையெல்லாம் பாடினேன். பிறக்கப்போகிற குழந்தை இந்த வெள்ளைச் சுவரில் கரிக்கட்டையால் கிறுக்குவதாக நினைத்துப் பார்த்து ஏணியிலேயே சிரித்துக்கொண்டேன்.

கடைசியில் வாசல் சுவருக்கு வந்தேன். மாமி தன் வீட்டு வாசலில் வத்தல் எடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு வத்தல் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, என் குரலிலேயே, என் கட்டைத் தொண்டையிலேயே, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"சுவரைத் தொடாதீங்க! ஆறு மாசத்துக்குக் கழுவாதீங்க, மெழுகாதீங்க, வெள்ளை அடிக்காதீங்க!"

மட்டை என் கையிலிருந்து நழுவிச் சுண்ணாம்பு டின்னுக்குள் விழுந்தது. மூன்று வருஷமாக ஊருக்கெல்லாம் நான் பாடிய பல்லவி! எதிர்வீட்டுத் திண்ணையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். முறுக்கு உரல் அம்மாள், "மலேரியாவே மருந்தை அழிச்சிடுச்சு!" என்று நாலு வீடு தள்ளிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நான் ஏணியிலிருந்து இறங்குவதா, மேலேயே இருப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

இலைக்கட்டோடு வந்த என் மனைவியும் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிலைப்படியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். உள்ளே வந்து அடுப்படியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மணையில் உட்கார்ந்தாள்.

"ஐப்பசி மழை ஆரம்பிச்சிருச்சு. அப்பவும் இதே சமயம்தான்" என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"அஞ்சு மாசம் சுமந்தேன். அது பையனா பொண்ணான்னுகூட என்கிட்ட யாரும் சொல்லலை. இன்னொரு தடவை என்னால முடியாதுங்க." அழவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகத்தான் சொன்னாள். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சுண்ணாம்புக் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நாங்கள் அதைப் பற்றிப் பேசினோம். எவ்வளவு நேரம் பேசினோம் என்று தெரியாது.

சுவருக்கு மேலே இடைவெளி இருந்ததை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பாத்திரச் சத்தம்கூட இல்லை. பிறகு மாமியின் குரல் வந்தது. எப்போதும் போல் அதட்டல் இல்லை.

"பொண்ணே, உங்க ஆத்துக்காரர்கிட்ட ஒண்ணு கேளு. அந்த பம்ப்ல தோலை எடுத்துட்டு ரப்பர் போட முடியுமோ?"

மறுநாள் ஆபீசுக்குப் போனேன். சுற்று முடிந்து மருந்து மூட்டையெல்லாம் ஸ்டோரில் பூட்டியாகிவிட்டது. திறக்க வேண்டுமானால் இன்ஸ்பெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், காரணமும் போட வேண்டும். யோசித்து யோசித்து, 'மேற்படி வீட்டில் பணியாளரே வெள்ளை அடித்துவிட்டபடியால்' என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் அதை ஒரு தடவை மனதுக்குள் படித்தார், ஒரு தடவை சத்தமாகப் படித்தார், பிறகு பக்கத்து அறைக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு தடவை படித்தார். அதற்கப்புறம் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மாப்பிள்ளை, வீட்டுக்குப் போய்ப் புது பெயிண்ட் எதுவும் அடிச்சிடாதே" என்றார். நான் ரிட்டையர் ஆகிற வரைக்கும் அந்த ஆபீசில் எனக்குச் 'சுண்ணாம்பு' என்று பெயர்.

பம்பை எடுத்துக்கொண்டு அரியமங்கலத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு பாயிடம் போனேன். தோல் வாஷரைக் கழற்றிவிட்டு ரப்பரில் செய்து போட வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அவங்க தொழுகிற இடம்ல, சுத்தம் பார்ப்பாங்கதானே" என்று சொல்லி, லாரி டியூபில் வட்டம் வெட்டி, சுடுதண்ணீரில் போட்டுக் கிண்ணம் மாதிரி வளைத்து, மூன்று தடவை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தார். தோல் அளவுக்கு இறுக்கம் இல்லை. ஆனால் தண்ணீர் ஏறியது.

முதலில் என் வீட்டை முடித்தேன். புதுச் சுண்ணாம்பின் மேல் மறுபடி கோடு கோடாக மருந்து விழுந்தது. பிறகு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனேன். பம்பை மாமி மஞ்சள் தண்ணீரால் கழுவினாள். புது வாளி, அவளே கிணற்றில் இறைத்த தண்ணீர். மருந்துப் பொடியை மட்டும் நான் முற்றத்தில் வைத்துக் கரைத்து வடிகட்டிக் கொடுத்தேன்.

"இது என்ன, அரிசி மாவா?"

"மாவு மாதிரிதான் மாமி. தோசை ஊத்திடாதீங்க."

பெருமாளைத் தட்டோடு எழுந்தருளப் பண்ணிக்கொண்டு போய்க் கூடத்தில் வைத்தார்கள். பாத்திரம், ஜாடி, அடுப்புச் சட்டி எல்லாம் வெளியே வந்தாயிற்று. நான் தளிகை உள்ளுக்கு வெளியே, முற்றத்து ஓரத்தில் நின்றேன். நான் கரைத்த மருந்து உள்ளே போகலாம், நான் போகக்கூடாது. அந்தக் கோபம் எனக்கு அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் பொய். ஆனால் அடுத்த அரைமணி நேரத்தில் நான் சிரித்த சிரிப்பும் உண்மைதான்.

மாமா தீர்த்தமாடிவிட்டு, ஈர வேஷ்டி சொட்டச் சொட்ட, பன்னிரண்டு திருமண்ணோடு, மருந்துக் குழாயை வேல் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். மாமி மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு பம்பின் மிதிகட்டையில் ஒரு காலை ஊன்றி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள். "அடிங்க மாமி!" என்றேன். முதல் பீச்சலே மாமாவின் முகத்தில்தான். குழாயைத் தன் பக்கமே திருப்பிப் பிடித்திருந்தார். நெற்றியில் போட்டிருந்தது பாதி கரைந்துவிட்டது.

"சாமி, கண்ணை அலம்புங்க! குழாயை அந்தப் பக்கம் திருப்புங்க!"

"இதை முன்னாடியே சொல்லியிருக்கப்படாதோ?" என்றார் அவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

இரண்டாவது தடவை சுவரில் விழுந்தது, ஆனால் கோலம் போடுகிற மாதிரி சுழித்துச் சுழித்து அடித்தார். "கோலம் வேண்டாம் சாமி! மேலேருந்து கீழே, கீழேருந்து மேலே. ஒரே வேகம். வேகம் மாறினா மருந்து திட்டுத் திட்டா நிக்கும்" என்று கத்தினேன். அந்த வேகம் வர எங்கள் ஆட்களுக்கே ஒரு மாதம் பிடிக்கும். ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணப் பழக்குவோம். மாமா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு வாய்க்குள் பாசுரம் சொல்ல ஆரம்பித்தார். ஓர் அடிக்குக் குழாய் கீழே வந்தது, மறு அடிக்கு மேலே போனது. ஐம்பது வருஷமாகக் கோஷ்டியில் நின்று சொன்ன வாய். தாளம் மயிரிழை பிசகவில்லை. கரிபிடித்த சுவரில் மருந்து பட்டை பட்டையாக, ஒரே சீராக இறங்கியது. என் சர்வீசில் அப்படி ஒரு சுவரை நான் பார்த்ததே இல்லை. மாமி மூச்சு வாங்க, "ஏன்னா, சின்னப் பாசுரமா சொல்லுங்கோ, கை விட்டுப் போறது" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவி சிரிக்கிற சத்தம் இடைவெளி வழியாக வந்தது.

முடித்ததும் மாமி வியர்வையைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து என்னைப் பார்த்தாள். "சரியா விழுந்திருக்கோ?"

"எங்க கோஷ்டிக்கு ஆள் எடுக்கிறாங்க, சாமியை அனுப்புறீங்களா?" என்றேன்.

வளைகாப்பு அமோகமாக நடந்தது. என் மனைவியின் அம்மா சுவரைப் பார்த்தார்கள், வாயைத் திறந்தார்கள். அதற்குள் மாமி வாசலில் நின்றபடியே, "இந்தச் சுவரை யாரும் தொடப்படாது, ஆமாம்!" என்று ஒரு அதட்டல் போட்டாள். துறையூர்க்காரர்கள் எல்லோரும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கார்த்திகையில் ஒரு நாள் நான் வீடு வீடாகப் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். அவள் போர்வையைப் போர்த்திக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். நெற்றி கொதித்தது. எட்டாம் மாதம்.

பெட்டியைத் திறந்தேன். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்தேன். அவள் இடதுகை மோதிர விரலைப் பிடித்தேன். எத்தனை ஆயிரம் விரலில் குத்தியிருப்பேன்! அன்றைக்கு மட்டும் ஊசி விரலுக்கே வரவில்லை.

"இப்படிக் குடுங்க" என்று அவளே ஊசியை வாங்கி, பட்டென்று குத்திக்கொண்டாள். "இதுக்குத்தான் சம்பளம் வாங்குறீங்களா?" காய்ச்சலிலும் கேலி. நான் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவினேன். நாலு மாத்திரையை வெல்லத்தோடு கொடுத்தேன். சுவருக்கு மேலே பார்த்து, "மாமி, கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றேன். அடுத்த நிமிஷம் மாமி எங்கள் வீட்டுக்குள் நின்றாள். மூன்று வருஷத்தில் அவள் எங்கள் நிலைப்படியைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. மடி, விழுப்பு என்று எதையும் பார்க்காமல் என் மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்தாள். "நீங்க கிளம்புங்கோ" என்றாள்.

கண்ணாடித் துண்டைச் சட்டைப் பையில் வைத்து, யாரும் இடித்துவிடாமல் கையால் மூடிக்கொண்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டுகிற பஸ்ஸில் நின்றபடி போனேன். ஆபீசில் கண்ணாடி பார்க்கிறவர் ஒரு கறார்ப் பேர்வழி. முந்தின வாரத்துக் கண்ணாடிகளே அடுக்கடுக்காகக் காத்திருந்தன. வரிசைப்படிதான் என்றார். பிறகு சீட்டில் விலாசத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், என் கண்ணாடியை எடுத்துச் சாயத்தில் போட்டார். அது ஊற வேண்டும், கழுவ வேண்டும், காய வேண்டும். அதற்குள் அந்த அறையில் எத்தனை ஜன்னல் கம்பி இருக்கிறது என்று நான் பத்துத் தடவை எண்ணிவிட்டேன்.

அவர் லென்ஸில் கண்ணை வைத்து, கண்ணாடியை அணு அணுவாக நகர்த்தி, முழுவதும் பார்த்தார். பார்த்து முடித்தவர் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். நிமிர்ந்து, "இல்லப்பா" என்றார். "ரெண்டு தடவை பார்த்துட்டேன். ஒரு கிருமி இல்லை. மழையில நனைஞ்சிருப்பாங்க, சளிக் காய்ச்சல். வா, நீயே பாரு."

இத்தனை வருஷம் கண்ணாடி அனுப்பியும் நான் அந்த லென்ஸில் பார்த்ததே கிடையாது. பார்த்தேன். ஊதா நிறத்தில் ஏதோ புள்ளிகள். எது என்ன என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் ரத்தம், சுத்தமாக இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கறார்ப் பேர்வழி கூச்சத்தில் நெளிந்தார்.

தை மாதம் சுகப்பிரசவத்தில் பெண் பிறந்தாள். அந்த நாளை எல்லோரும் விசாரிப்பார்கள். எனக்கு அதைவிட நன்றாக நினைவிருப்பது அந்தக் கார்த்திகைச் சாயங்காலம்தான்.

பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கி, தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடினேன். "இல்லை! இல்லை! இல்லவே இல்லை!" தெருவில் வாசலுக்கு வாசல் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் நிலைப்படியில் என் மனைவி போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தன் வீட்டு வாசலில் மாமி கையில் அகலோடு நிமிர்ந்தாள்.

"யாரது, விளக்கேத்தற வேளையில இல்லை இல்லைன்னு கத்திண்டு வரது? ஆத்துல அரிசி தீர்ந்தாக்கூட நிறைய இருக்குன்னு சொல்ற தெரு இது. நல்ல வார்த்தையே கிடைக்கலியா?"

"மாமி, ரத்தத்துல கிருமி இல்லை!" என்றேன். மூச்சு இரைத்தது. "மலேரியா இல்லை மாமி."

என் மனைவி போர்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. மாமி அகலைக் கீழே வைத்தாள். எண்ணெய் கொஞ்சம் சிந்தியது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்கோ," என்றாள். "சத்தமா சொல்லுங்கோ. உள்ள பெருமாளுக்கும் கேக்கட்டும்."